ஆலன் டாசன்: பாஸ்டனை விட்டுப் போகாத டிரம்மர்

(இசை ரசிகர்களின் மாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் மாலை வணக்கம். மேசைமேல் ஒரு பிராக்டிஸ் பேட், ஒரு ஜோடி பிரஷ், அட்டை கிழிந்த ஒரு ஜெராக்ஸ் புத்தகம். இதைப் பார்த்துவிட்டு உள்ளே வரும்போதே ஒருவர், "இன்னைக்குப் பேச்சா, கச்சேரியா?" என்று கேட்டார். பேச்சுதான். நடுவில் கொஞ்சம் தட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வருடமாக மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசிக்கிறவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். சாயங்காலத்தில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அமெரிக்கா போனதில்லை. இன்று நான் பேசப்போகிற மனிதரை நேரில் பார்த்ததும் இல்லை. அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான் அவர் பெயரே என் காதில் விழுந்தது. அதுவும் நான் ஒருநாள் மேடையில் நன்றாக அசடு வழிந்த பிறகு.

ஒரு திருவிழாக் கச்சேரி. பாடகர் உற்சாகத்தில் பாட்டு நடுவே என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். "டிரம்ஸ் சோலோ!" விடுவேனா? டாம்களில் உருட்டினேன், சிம்பல்களை உடைக்கிற மாதிரி அடித்தேன். கூட்டம் விசிலடித்தது. ஆனால் எங்கே முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கீபோர்டுக்காரர் ஒரு இடத்தில் நுழைந்தார், நான் அப்போது வேறு எங்கேயோ இருந்தேன். பாடகர் சரணத்தை எடுத்தார். அவருக்கும் எனக்கும் நடுவே ஒன்றரை எண்ணிக்கை இடைவெளி. எப்படியோ சமாளித்து ஒட்ட வைத்தோம். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் வந்து சொன்னான்: "அண்ணே, பாட்டு எங்க இருக்குன்னு தெரியாமலேயே வாசிச்சீங்கண்ணே." சின்னப் பையன். அவன் மரியாதையாகச் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்த வாரம் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவர் கொடுத்ததுதான் இந்த ஜெராக்ஸ். ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதி வைத்திருந்தார்கள்: "டாசன் முறை. மெட்டைப் பாடிக்கொண்டே வாசிக்கவும்." யார் இந்த டாசன் என்று தேட ஆரம்பித்தேன். இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறேன்.

ஆலன் டாசன் பிறந்தது 1929 ஜூலை 14, பென்சில்வேனியா மாநிலத்தில் மரியெட்டா என்ற சின்ன ஊரில். வளர்ந்தது பாஸ்டன் நகரத்தின் ராக்ஸ்பரி பகுதியில். கறுப்பின மக்கள் நிறைய வாழ்ந்த பகுதி அது. 1950களின் தொடக்கத்தில் சார்லஸ் ஆல்டன் என்ற ஆசிரியரிடம் நான்கு வருடம் டிரம்ஸ் கற்றுக்கொண்டார். இடையில் கொரியப் போர் வந்தது. அவரையும் ராணுவத்துக்கு எடுத்தார்கள். ஆனால் துப்பாக்கிக்குப் பதிலாகக் கையில் குச்சி. நியூ ஜெர்சியில் ஃபோர்ட் டிக்ஸ் முகாமின் நடன இசைக்குழுவில் 1951 முதல் 53 வரை வாசித்தார்.

வெளியே வந்த கையோடு லயனல் ஹாம்ப்டன் என்ற ஜாஸ் வித்வானின் பெரிய குழுவில் சேர்ந்து அதே 1953இல் ஐரோப்பா போனார். அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் ஜாஸ் ரசிகர்கள் பெருமூச்சு விடுவார்கள். கிளிஃபர்ட் பிரவுன், ஆர்ட் ஃபார்மர், குவின்சி ஜோன்ஸ், ஜிஜி கிரைஸ். எல்லோரும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். தனியாக யாரும் ரெக்கார்டிங் செய்யக் கூடாது என்று ஹாம்ப்டன் தரப்பு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. சொன்னால் கேட்கிற வயதா? பாரிசில் முதலாளிக்குத் தெரியாமல் ஸ்டூடியோவுக்குப் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அந்தத் திருட்டுப் பதிவுகளில் சிலவற்றில் டாசனின் டிரம்ஸும் இருக்கிறது.

24 வயது. கூட வாசித்தவர்கள் இப்படிப்பட்டவர்கள். அடுத்தது என்ன? நியூயார்க். அந்தக் காலத்தில் ஜாஸ் வாசிக்கிறவனுக்குப் பெயர் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். நம் ஊரில் சினிமாவில் பெயர் வாங்க வேண்டுமென்றால் கோடம்பாக்கம் போயே தீர வேண்டும் என்று இருந்ததல்லவா, அப்படி. பாஸ்டனிலிருந்து நியூயார்க் காரில் நாலு மணி நேரம்தான். டாசன் போகவில்லை. பாஸ்டனுக்கே திரும்பி வந்து, சாபி லூயிஸ் என்ற உள்ளூர்க்காரரின் குழுவில் உட்கார்ந்தார்.

1957இல் பெர்க்லி இசைப் பள்ளியில் ஆசிரியரானார். இந்தப் பள்ளியின் கதையும் கொஞ்சம் வேடிக்கை. லாரன்ஸ் பெர்க் என்பவர் 1945இல் 'ஷில்லிங்கர் ஹவுஸ்' என்ற பெயரில் ஆரம்பித்தார். 1954இல் தன் மகன் லீ பெர்க்கின் பெயரைத் திருப்பிப் போட்டு 'பெர்க்லி' ஆக்கிவிட்டார். இன்று உலகம் முழுவதும் பிள்ளைகள் கனவு காண்கிற கல்லூரி அது. டாசன் சேர்ந்தபோது அப்படி இல்லை. ஜாஸை எல்லாம் ஒரு பாடமாக வைத்து நடத்துவதா என்று மற்ற இசைக் கல்லூரிகள் பெரும்பாலும் முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம். அங்கே அவர் 18 வருடம் இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். வாசித்து முன்னுக்கு வர முடியாதவன்தானே வாத்தியார் வேலைக்குப் போவான்? நம் ஊரில் இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. என்னையே என் மாமா ஒருவர் நேராகக் கேட்டிருக்கிறார். என் விஷயத்தில் பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டேன். டாசன் விஷயத்தில் பதில் ஒலித்தட்டாகவே இருக்கிறது.

டெனர் சாக்ஸஃபோன் வாசித்த புக்கர் எர்வின் 1963 டிசம்பர் 3 அன்று ஒரு பதிவு செய்தார். பெயர் 'தி ஃப்ரீடம் புக்'. பியானோவில் ஜாக்கி பையர்ட், பேஸில் ரிச்சர்ட் டேவிஸ், டிரம்ஸில் டாசன். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு அன்றைக்குப் பதினோராம் நாள். அந்தத் துக்கத்துக்கு ஒரு பாட்டு அதில் உண்டு. 'ஆல்ஸ் இன்' என்று இன்னொன்றும் உண்டு, அந்த 'ஆல்' நம் ஆலன்தான். எர்வின் சாக்ஸஃபோனில் அழுது அரற்றுகிற ஆள். பையர்ட் ஒரு நிமிடம் பழைய காலத்து நடையில் போவார், அடுத்த நிமிடம் எங்கே பாய்வார் என்று யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு காட்டாறுகளுக்கு நடுவில் டாசனின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. சத்தம் போட்டு அடக்கவில்லை, பயந்து ஒதுங்கவும் இல்லை. டாசனை முதன்முதலாகக் கேட்க வேண்டுமென்றால் இதைத்தான் கேளுங்கள் என்பேன். பலர் அவர் பியானோ வித்வான் டேவ் புருபெக்குடன் வாசித்ததைச் சொல்வார்கள். எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

சரி, புருபெக்குக்கும் வந்துவிடுவோம். அவர் குழுவின் 'டேக் ஃபைவ்' தெரியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். ஐந்து எண்ணிக்கைச் சுழற்சி. கண்டசாபு பழகிய கை உடனே போட ஆரம்பித்துவிடும், ஆனால் ஜாக்கிரதை: நாம் இரண்டும் மூன்றுமாகப் பிரிப்போம், அவர்கள் மூன்றும் இரண்டுமாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்துப் புகழ்பெற்றவர் ஜோ மொரெல்லோ. 1967 கடைசியில் புருபெக் அந்தக் குழுவைக் கலைத்தார். பிறகு சாக்ஸஃபோன் வாசிக்கும் ஜெரி மல்லிகனைச் சேர்த்துக்கொண்டு புதுக் குழு அமைத்தபோது டிரம்ஸுக்குக் கூப்பிட்டது டாசனை. 1968 முதல் 72 வரை அதில் இருந்தார். பெரிய நட்சத்திரம் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் உட்காருவது எப்படிப்பட்ட வேலை என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். எத்தனை நன்றாக வாசித்தாலும் "அவர் மாதிரி இல்லையே" என்று ஒரு குரல் வரும். டாசன் மொரெல்லோ மாதிரி வாசிக்க முயலவே இல்லை.

1971 ஜூலை 3, நியூபோர்ட் ஜாஸ் விழா. டிக்கெட் இல்லாத இளைஞர் கூட்டம் வெளியே மேட்டில் திரண்டு நிற்கிறது. புருபெக் குழு வாசிக்கிறது. அவர்கள் இறங்கியபின் கூட்டம் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே புகுந்து மேடை வரை வந்துவிட்டது. விழா அதோடு ரத்து. அடுத்த வருடம் நியூயார்க்குக்கு மாற்றிவிட்டார்கள். புருபெக் குழு அன்று வாசித்தது 'லாஸ்ட் செட் அட் நியூபோர்ட்' என்ற பெயரிலேயே ஒலித்தட்டாக வந்தது. இத்தனையும் நடந்துகொண்டிருந்த வருடங்களில் டாசன் பெர்க்லி வேலையை விடவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். உலகம் சுற்றிவிட்டு வந்து வகுப்பில் ஒரு பையனுக்கு ரோல் சரியாக வருகிறதா என்று பார்ப்பார்.

நியூயார்க் போகவில்லை என்றேன். உண்மையில் நியூயார்க் அவரிடம் வந்தது. பாஸ்டனுக்கு வடக்கே பீபடி என்ற ஊரில், நெடுஞ்சாலை ஓரத்தில் 'லென்னீஸ் ஆன் தி டர்ன்பைக்' என்று ஒரு கிளப். 1963 முதல் 1970 வரை அங்கே டாசன்தான் ஆஸ்தான டிரம்மர். ஊர் ஊராகப் போகிற பெரிய வித்வான்கள் பல நேரம் குழுவைக் கூட்டிக்கொண்டு வர மாட்டார்கள், தனியாக வந்து இறங்குவார்கள். ஒத்திகைக்கு நேரம் இருக்காது. இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் வேறொருவர், ஒவ்வொருவருக்கும் ஒரு நடை, ஒரு வேகம், ஒரு கோபம். உட்கார்ந்த இடத்திலேயே அத்தனை பேருக்கும் பக்கவாத்தியம். பக்கவாத்தியம் வாசித்தவர்களைக் கேளுங்கள், இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது என்பார்கள்.

இப்போது இந்தக் கிழிந்த புத்தகம். டெட் ரீட் என்பவர் 1958இல் போட்டது, சுருக்கமாக 'சின்கோபேஷன்' என்போம். புரட்டிப் பார்த்தால் தூக்கம் வரும். பக்கம் பக்கமாகக் கறுப்புப் புள்ளிகள். மேலே ஸ்னேருக்கு, அதாவது முன்னால் இருக்கிற சின்ன டிரம்முக்கு, ஒரு வரி, கீழே காலால் அடிக்கிற பாஸ் டிரமுக்கு ஒன்று-இரண்டு-மூன்று-நாலு. அவ்வளவுதான். எல்லோரும் வாங்கினார்கள், எழுதியபடி வாசித்தார்கள், மூடி வைத்தார்கள். டாசன் என்ன செய்தார் என்றால், கீழ் வரியைத் தூக்கிப் போட்டார். மேல் வரியை ஒரு மெட்டாக எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் தட்டிக் காட்டுகிறேன். வலது கை சிம்பலில் ஜாஸ் நடை: டிங், டிங்கடிங், டிங்கடிங். இடது கால் ஹை-ஹேட்டில், அதாவது காலால் மூடித் திறக்கிற ஜோடி சிம்பலில், இரண்டிலும் நாலிலும்: சிக், சிக். இதில் எதுவும் மாறக் கூடாது. இப்போது புத்தகத்தில் இருக்கிற வரியை இடது கை மட்டும் ஸ்னேரில் வாசிக்கிறது. வந்துவிட்டதா? அதே வரியை இப்போது வலது காலுக்குக் கொடு. ஸ்னேர் சும்மா இருக்கட்டும். அதுவும் வந்துவிட்டதா? இப்போது குட்டை ஸ்வரம் எல்லாம் ஸ்னேருக்கு, நீண்ட ஸ்வரம் எல்லாம் பாஸ் டிரமுக்கு. இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஏனென்றால் இப்போது ஒரே வரி கைக்கும் காலுக்கும் மாறி மாறிப் போகிறது. அப்புறம் அந்த வரி வலது கையில், நடுவே இருக்கிற இடைவெளிகளை எல்லாம் இடது கை மும்மூன்றாக நிரப்ப வேண்டும். இப்படி ஒரே பக்கத்துக்கு எத்தனையோ வழிகள் வைத்திருந்தார். புத்தகத்தில் ஒரு பக்கம், மாணவனுக்கு ஆறு மாதம்.

இதெல்லாம் கை கால் சமாச்சாரம். வாய் வேலை இனிமேல்தான். இவை அத்தனையும் நடக்கும்போது மாணவன் ஒரு பாட்டைப் பாட வேண்டும். வாய் விட்டு. நல்ல குரல் வேண்டியதில்லை, சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, மெட்டு விலகக் கூடாது. பழைய அமெரிக்கப் பாட்டுகளில் நிறைய 32 பார் கொண்டவை. பார் என்றால் ஒரு தாளச் சுற்று, நம் ஆவர்த்தனம் மாதிரி. எட்டு பார் ஒரு பகுதி. அதையே இன்னொரு முறை. பிறகு வேறு மெட்டில் எட்டு பார், இதைப் 'பிரிட்ஜ்' என்பார்கள். கடைசியில் முதல் பகுதி மறுபடியும். வாய் இந்த வீட்டுக்குள் அறை அறையாக நடந்து போகிறது, கையும் காலும் புத்தகத்தின் வரியை வாசிக்கின்றன. பிரிட்ஜ் வருகிற இடத்தில் நீ எங்கே இருக்கிறாய் என்று உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். எண்ணிக்கொண்டிருக்க முடியாது, வாயில் பாட்டு இருக்கிறது. மூளையை ஏமாற்ற வழியே இல்லை.

நான் முதல்முறை செய்தபோது நாலாவது பாரில் வாய் நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் கை நின்றது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

திருவிழா மேடையில் நான் விட்டது எது என்று அன்றைக்குப் புரிந்தது. என் சோலோ முழுக்க அடி இருந்தது, பாட்டு இல்லை. ஜாஸில் சாக்ஸஃபோன்காரர் நாலு பார், டிரம்மர் நாலு பார் என்று மாறி மாறி வாசிப்பார்கள். டிரம்மர் தன் நாலு பாரை முடித்து ஒப்படைக்கிற இடத்தில் அடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு நுழைகிறார் என்றால், அந்த நாலு பாரிலும் டிரம்மருக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். டாசன் வாசிப்பைக் கேட்டு இதைச் சோதித்துப் பாருங்கள். அவர் சோலோவின் மேல் நீங்கள் அந்தப் பாட்டை முணுமுணுக்கலாம். உட்காருகிற இடத்தில் உட்காரும்.

இங்கே உங்களில் பலர் சிரிப்பது தெரிகிறது. "இது நம்ம சொற்கட்டுதானே? வாயில் சொல்லாமல் மிருதங்கத்தில் கை வைக்க விடுவாங்களா?" என்று நினைக்கிறீர்கள். டாசன் இங்கிருந்து எடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வித்தியாசமும் இருக்கிறது. நாம் சொல்வது தாளத்தின் சொல்லை, கை வாசிக்கப் போவதையே வாய் முன்னால் சொல்கிறது. டாசனின் மாணவன் பாடுவது கை வாசிக்காத ஒன்றை, பக்கத்தில் ஓடுகிற மெட்டை. வேடிக்கை என்னவென்றால், மேற்கத்திய டிரம்மிலும் ஒரு காலத்தில் சொல் இருந்திருக்கிறது. 'பாராடிடில்' என்று ஒரு பாடம். சொல்லிப் பாருங்கள்: பா-ரா-டி-டில். வலது, இடது, வலது வலது. அடுத்தது இடது, வலது, இடது இடது. பெயரைச் சொன்னாலே அடி விழுகிறது. 'ஃபிளாம்' என்றால் ஒரு சின்ன அடி ஒட்டிக்கொண்ட பெரிய அடி. 'ராட்டமக்யூ' என்று ஒன்று உண்டு, அதை நான் விளக்கவே வேண்டாம், பெயரே வாசித்துவிடுகிறது. பட்டாளத்து முரசுக்காரர்கள் வாயில் உருட்டி உருட்டி வைத்த சொற்கள் இவை. பிற்பாடு வந்தவர்கள் இதை வெறும் பெயர் என்று நினைத்துக் காகிதத்தில் எழுதிவிட்டார்கள்.

இந்த அடிப்படைப் பாடங்களை 'ரூடிமென்ட்' என்பார்கள். 1930களில் அமெரிக்க முரசுக்காரர்களின் சங்கம் ஒன்று கூடி 26 என்று வகுத்து வைத்தது. டாசன் அதோடு நிற்காமல், ஊர் ஊராகக் கிடைத்த மற்றவற்றையும் சேர்த்து எண்பதுக்கு மேல் கோர்த்து ஒரே சங்கிலியாக்கினார். நாலு நாலு பாராக ஒன்று மாற்றி ஒன்று, நடுவே நிறுத்தம் கிடையாது. 'ரூடிமென்டல் ரிச்சுவல்' என்று பெயர். சடங்கு! பொருத்தமான பெயர்தான், தினம் காலையில் சந்தியாவந்தனம் மாதிரி செய்ய வேண்டியது. கால்கள் சும்மா இருக்காது. கீழே பிரேசில் நடை ஓடிக்கொண்டே இருக்கும்: தூம், த-தூம், த-தூம்.

அதில் ஒரு நுணுக்கம். இதைப் பிரஷ்ஷில் பழகச் சொன்னார். இதோ பாருங்கள். குச்சியை ஸ்னேரில் போட்டால் அது தானாக எகிறும், பாதி வேலையை டிரம்மே செய்துவிடும். பிரஷ் என்பது கம்பிக் கற்றை. போட்ட இடத்தில் செத்துக் கிடக்கும். ஒவ்வொரு அடியையும் மணிக்கட்டுதான் தூக்கியாக வேண்டும். பிரஷ்ஷில் பத்து நிமிடம் வாசித்துவிட்டுக் குச்சியை எடுத்தால் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் நடந்துவிட்டுக் கரையில் ஏறுகிற மாதிரி.

இப்போது இதை இணையத்தில் நிறையப் பேர் வாசித்துப் போடுகிறார்கள். யார் வேகமாக முடிப்பது என்று போட்டி. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. வாய் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் மூடியிருக்கும்.

இனி ஒரு பையன். டோனி வில்லியம்ஸ். அப்பா சாக்ஸஃபோன் வாசிப்பவர், கிளப்புகளுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போவார். பத்துப் பதினொரு வயதில் அந்தப் பிள்ளை டாசனிடம் வந்து சேர்ந்தது. வகுப்போடு விடவில்லை டாசன். தனக்குக் கச்சேரி இருக்கிற சனிக்கிழமை இரவுகளில் காரை எடுத்துக்கொண்டு ராக்ஸ்பரி போய்ப் பையனை ஏற்றிக்கொள்வார். பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் தன் குழுவோடு உட்கார வைத்து வாசிக்கவிடுவார். முடிந்ததும் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போவார். டோனி பெரிய ஆளான பிறகு இதை நன்றியோடு சொன்னார். நான் இந்தக் கதையைப் படித்தபோது அந்தக் கார்ப் பயணத்தைத்தான் யோசித்தேன். தன் நாற்காலியைத் தானே விட்டு எழுந்து, ஒரு சிறுவனை அதில் உட்கார வைத்து, ஓரமாக நின்று கேட்கிற மனசு எத்தனை வித்வான்களுக்கு வரும்? எனக்கு வரவில்லை. என் மாணவன் ஒருவன் மேடையில் வாசிக்கக் கேட்டபோது "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். அவன் அடுத்த வருடம் வேறு குழுவுக்குப் போய்விட்டான்.

1963இல் டிரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸ் டோனியைத் தன் குழுவில் எடுத்துக்கொண்டார். வயது 17. பாஸ்டனைவிட்டு நியூயார்க் போகாத வாத்தியாரின் பிள்ளை, உலகத்தின் மிகப் பெரிய ஜாஸ் குழுவின் நடுவில் போய் உட்கார்ந்தான். அந்தக் குழுவில் அவன் செய்ததை இன்றுவரை டிரம்மர்கள் அலசிக்கொண்டிருக்கிறார்கள். தாளத்தை அவன் எத்தனை உடைத்துப் போட்டாலும் பாட்டின் வீடு இடியாமல் நிற்கும். அது எங்கே கற்றது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஆசிரியர் டாசன், மாணவர் டோனி என்று மட்டும் சொன்னால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஹார்வி மேசன், ஸ்டீவ் ஸ்மித், வின்னி கொலையுட்டா, ஜோ லாபார்பரா, கென்வுட் டெனார்ட் என்று பட்டியல் நீளும். ராக், ஃபங்க், ஜாஸ் என்று ஆளுக்கு ஒரு திசையில் போனவர்கள். யாரும் இன்னொரு டாசன் ஆகவில்லை. அவரிடம் கற்றவரை வாசிப்பை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஒருவரை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டெரி லின் கேரிங்டன். 1965இல் பிறந்தவர். தாத்தா டிரம்மர், அப்பா சாக்ஸஃபோன். 11 வயதிலேயே பெர்க்லியின் உதவித்தொகை வாங்கியவர். டாசனிடம் தனியாகப் பாடம் படித்தார். 2014இல் ஜாஸ் வாத்திய இசைத் தொகுப்புக்கான கிராமி விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் விருது வாங்கிய முதல் பெண் அவர்தான். இப்போது அவரும் பெர்க்லியில் ஆசிரியர்.

1975இல் டாசனுக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகியது. டிரம்மருக்கு இதைவிட மோசமான இடத்தில் அடிபட முடியாது, நாள் முழுக்க முதுகு சாய்க்க முடியாத முக்காலியில் உட்காருகிற தொழில். பெர்க்லியை விட்டார், நீண்ட பயணங்களை விட்டார். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான லெக்சிங்டனில் தன் வீட்டில் வகுப்பை வைத்துக்கொண்டார். கல்லூரியை விட்டுவிட்ட ஆசிரியரைத் தேடி மாணவர்கள் அவர் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார்கள். இன்னொன்றும் சொல்ல விட்டுப்போயிற்று: அவர் நல்ல வைப்ரஃபோன் வாசிப்பாளரும்கூட. டிரம்ஸில் மெட்டைத் தேடியவர் மெட்டு வாத்தியம் ஒன்றிலும் கை வைத்திருந்தார் என்பதில் ஆச்சரியம் இல்லை.

அவர் தலைவராக இருந்து செய்த ஒலித்தட்டு, அவர் மறைவுக்குப் பிறகுதான் வெளிவந்தது. பாடமுறை புத்தகமாக வந்ததும் அப்படித்தான். அவர் மாணவர் ஜான் ராம்சி தொகுத்தது 1997இல் வெளியானது. அதுவரை இந்த முறை முழுக்கக் கைப்பட எழுதிய தாள்களிலும், ஒருவர் ஓரத்தில் குறித்து இன்னொருவருக்குக் கொடுத்த ஜெராக்ஸிலும்தான் ஊர் சுற்றியது. இதோ என் கையில் இருப்பது மாதிரி.

1996 பிப்ரவரி 23 அன்று, ரத்தப் புற்றுநோயில், லெக்சிங்டனில் காலமானார். வயது 66. சரியாக ஒரு வருடம் கழித்து, 1997 பிப்ரவரி 23 அன்று, ஒரு சாதாரண அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் டோனி வில்லியம்ஸ் போனார். வயது 51. தேதியைப் பார்த்தபோது நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு ஐந்து நிமிடம் கொடுங்கள். மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி, பேச்சு முழுக்கத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான், நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். டிரம்ஸ் கத்துக்கறியா? எத்தனை வருஷமா? சரி, உனக்குப் பிடித்த பாட்டு ஏதாவது ஒன்று, எந்தப் பாட்டானாலும் சரி, பல்லவி மட்டும் போதும். எல்லோரும் கேட்கிற மாதிரிப் பாட வேண்டும். கூச்சப்படாதே, நானும் கூடப் பாடுகிறேன், என் குரலைக் கேட்டால் உன் குரல் உனக்கே பிடித்துவிடும். குச்சி வேண்டாம், பிரஷ் இருக்கிறது. அந்த நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே வா.